டென்மார்க் காற்றும் எண்ணூர்க் கரியும்

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுப் பிரிவு மாணவர்)



2011ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ராயபுரம் சுற்றுவட்டாரத்தில் பறந்த தூசுதான் காரணம். நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. அப்போது நான் பள்ளிக்கூடம் சேர்ந்த புதுசு. ராயபுரம் பனைமரத்தொட்டியில் இருக்கும் எங்க ஆயா, "அப்பாடா, கரி ஒழிஞ்சது" என்றதாம். எர்ணாவூரில் குடியிருக்கும் எங்க நைனா சிரித்துக்கொண்டே, "ஒழியல யம்மா... எங்க வூட்டுப் பக்கமா குடி வந்துகினு இருக்கு" என்றாராம். வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

விளையாட்டுப் பேச்சுதான். ஆனாலும் 'சுத்தமான எரிசக்தி' என்ற சொல்லைப் பத்திரிகையில் எங்கே பார்த்தாலும் எனக்கு இந்தப் பேச்சுதான் முதலில் ஞாபகம் வருகிறது. சுத்தம் யாருக்கு? அழுக்கு எங்கே போயிற்று?

2020 செப்டம்பர் 28ஆம் தேதி இந்தியாவும் டென்மார்க்கும் 'பசுமைக் கூட்டாண்மை' ஒன்றை அறிவித்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் மின்துறை பற்றித் தனியாக ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமும் போட்டிருந்தார்கள். இதுபோன்ற செய்திகளை நாமெல்லாம் எப்படிப் படிப்போம்? இரண்டு தலைவர்கள், இரண்டு கொடிகள், கைகுலுக்கல்... அடுத்த பக்கத்தைத் திருப்பி கிரிக்கெட்! ஆனால் இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையே காற்றாலை விஷயத்தில் கிட்டத்தட்ட நாற்பது வருடக் கதை இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டில் நடந்தது. அந்தக் கதையைப் பார்த்தால், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுத்தால் நிலைக்கும், எதை நாம் கேட்டு வாங்கவே இல்லை என்பது ஓரளவு புரியும். அதைத்தான் எழுதப் போகிறேன்.

(டேனிஷ்காரர்கள் நமக்குப் புதியவர்கள் அல்ல. 1620இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர்கள். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அது வியாபாரக் கதை. இங்கே வேண்டாம்.)

பள்ளிக்கூடத்தில் பிறந்த காற்றாலை

டென்மார்க்கின் மொத்த மக்கள் தொகை சுமார் 60 லட்சம். நம் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் அதைவிட அதிகம். அந்தக் குட்டி நாடு இன்று தன் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து எடுக்கிறது. இதைத் தொடங்கி வைத்தது பெரிய கம்பெனியா, பெரிய விஞ்ஞானக் கூடமா? இல்லை நண்பர்களே. ஒரு பள்ளிக்கூடம்!

அஸ்கோவ் என்ற ஊரில் கிராமத்து இளைஞர்களுக்கான பள்ளி ஒன்று. அதில் ஆசிரியர் பால் லா கூர். 1891இல் அவர் பள்ளி வளாகத்திலேயே ஒரு காற்றாலை கட்டி மின்சாரம் எடுத்தார். காற்று இல்லாத நேரத்துக்கு மின்சாரத்தை எப்படிச் சேமிப்பது? தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து வைத்து, அந்த வாயுவில் பள்ளிக்கூடத்துக்கு விளக்கு எரித்தார். இன்றைக்கு 'பச்சை ஹைட்ரஜன்' என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த மனிதர் 1890களிலேயே செய்துவிட்டார்! ஹைட்ரஜன் வெடித்துப் பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகளை அவ்வப்போது மாற்ற வேண்டியிருந்ததாம். நம் லேபில் ஒரு ஃபியூஸ் போனாலே என்ன பாட்டு வாங்குகிறோம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

லா கூர் இயந்திரத்தோடு நிற்கவில்லை. கிராமத்து மின்சார வேலைக்கு ஆள் வேண்டும் என்று 1904இல் 'காற்று மின்பணியாளர்' வகுப்பு ஒன்று நடத்தினார். அந்த வகுப்பில் படித்த மாணவர்களில் ஒருவர் யோஹானஸ் யூல். ஐம்பது வருடம் கழித்து, 1957இல், கெட்ஸர் என்ற கடலோர ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுத்தியவர் இவர்தான். மூன்று இறக்கை, இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், வேகம் மிஞ்சினால் இறக்கை நுனி திரும்பிப் பிரேக் போடும் ஏற்பாடு. பெரிய பராமரிப்பு இல்லாமல் சுமார் 11 வருடம் ஓடிய இயந்திரம் அது. பின்னாளில் 'டேனிஷ் முறை' என்று உலகமே காப்பியடித்தது இந்த மாதிரியைத்தான்.

1973இல் எண்ணெய் நெருக்கடி. டென்மார்க்கின் எரிசக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெயாக இருந்த காலம். கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர் தன் வீட்டுத் தோட்டத்தில் காற்றாலை கட்டி மின்கம்பியில் இணைத்தார். ட்வின்ட் என்ற இடத்துப் பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975 முதல் 1978 வரை மூன்று வருடம் பாடுபட்டு, 54 மீட்டர் விட்டமுள்ள இறக்கைச் சக்கரத்தோடு ஒரு ராட்சசக் காற்றாலையை எழுப்பினார்கள். அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. எஞ்சினியர் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் கட்டியது அல்ல. நம்மைப் போன்ற பையன்களும் பெண்களும் கட்டியது!

ஆனால் உற்சாகம் மட்டும் போதுமா? தோட்டத்துக்குத் தோட்டம் காற்றாலை முளைத்தால் இறக்கை பிய்ந்து பறக்கவும் செய்யுமே. அதனால்தான் 1978இல் ரிசோ ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்தார்கள். 1979இல் காற்றாலை வாங்குபவருக்கு 30 சதவீத மானியம் அறிவித்தார்கள், ஆனால் ரிசோவின் அங்கீகாரம் பெற்ற இயந்திரத்துக்கு மட்டும்! பணத்தையும் பரீட்சையையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். டென்மார்க் செய்த புத்திசாலித்தனமான வேலை இதுதான் என்பது என் கருத்து. இயந்திரம் செய்பவன் சொல்வதை அப்படியே நம்பாமல், மூன்றாவது ஆள் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம்.

கயத்தாறுக்கு வந்த கதை

நம் பக்கம் வருவோம். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மின்வாரியத்தின் முதல் காற்றாலைப் பண்ணை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் காற்றை அளந்து அட்டவணை போட்டவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி அன்னா மணி. நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் கம்பம் நட்டு, கருவி மாட்டி, எந்த ஊரில் எந்த மாதம் எவ்வளவு காற்று என்று தொகுத்த வேலை அவர் தலைமையில் நடந்தது. 'எல்லாம் வெளிநாட்டுக்காரன் சொல்லிக் கொடுத்தது' என்று நினைப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். காற்றின் கணக்கு நம்முடையது.

இயந்திரம் அவர்களுடையது. டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடா கொடுத்த உதவியில், 1990இல் கயத்தாறிலும் முப்பந்தலிலும் சேர்த்து 10 மெகாவாட்டுக்குக் காற்றாலைகள் நின்றன. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறுதான். பிறகு வெஸ்டாஸ்–ஆர்.ஆர்.பி., என்.இ.பி.சி.–மைக்கான் என்று டேனிஷ் கம்பெனிகளோடு கூட்டு வைத்த நிறுவனங்கள் வந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பிடிக்க வரிசை வரிசையாக டவர்கள்.

அந்த இயந்திரம் எப்படி வேலை செய்தது? நம்ம மெஷின்ஸ் லேபில் இண்டக்‌ஷன் மோட்டார் டெஸ்ட் செய்யாதவர் யாரும் இருக்க மாட்டோம். 50 ஹெர்ட்ஸ், 4 போல் என்றால் சிங்க்ரனஸ் வேகம் 1500. மோட்டாராக ஓடும்போது ரோட்டார் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, 1440, 1450 என்று சுற்றும். அதே மெஷினை வெளியிலிருந்து ஒரு சக்தி பிடித்துத் தள்ளி 1515 ஆக்கினால்? ஸ்லிப் நெகட்டிவ் ஆகிவிடும். கரெண்ட் இழுத்துக்கொண்டிருந்த மெஷின் கரெண்ட் கொடுக்க ஆரம்பிக்கும்! தள்ளுகிற சக்தி காற்று. நிமிடத்துக்கு 40 சுற்றுப் போல மெதுவாகச் சுற்றும் இறக்கைக்கும், 1000, 1500 என்று சுற்ற வேண்டிய ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒரு கியர்பாக்ஸ். அவ்வளவுதான். பிரஷ் கிடையாது, தனி எக்ஸைட்டர் கிடையாது. கிராமத்து மெக்கானிக்கும் புரிந்துகொள்ளக்கூடிய சாமான்.

டென்மார்க்கில் நன்றாக ஓடிய இந்தச் சாமான் இங்கே வந்ததும் மூச்சு வாங்கியது. ஏன்?

இந்த வகை ஜெனரேட்டருக்குக் காந்தப்புலம் உண்டாக்க ரியாக்டிவ் பவர் வேண்டும். அதைத் தானே தயாரிக்கத் தெரியாது, லைனிலிருந்துதான் இழுக்கும். அங்கே லைன் பலமானது. இங்கே அது விவசாய பம்ப்செட்டுகளுக்காகப் போட்ட நோஞ்சான் பீடர். ஏற்கெனவே பம்ப்செட் மோட்டார்கள் ரியாக்டிவ் பவர் இழுத்துக்கொண்டிருக்க, காற்றாலையும் வாயை வைத்தால் வோல்டேஜ் படுத்துவிடும். படுத்தால் காற்றாலையின் பாதுகாப்பு ரிலே டிரிப் ஆகும். கெப்பாசிட்டர் வைத்துச் சமாளித்தார்கள். கெப்பாசிட்டர் கெட்டுப் போனால் மறுபடி பழைய கதை.

அடுத்தது ஃபிரீக்வென்ஸி. 1990களில் தென் மாநில மின்தொகுப்பில் மின்பற்றாக்குறையால் ஃபிரீக்வென்ஸி 48 வரை இறங்குவது சகஜம். 48 ஹெர்ட்ஸுக்கு 1500 என்பது 1440 ஆகிவிடும். 50 ஹெர்ட்ஸுக்காக வடிவமைத்த இறக்கை மெதுவாகச் சுற்ற, உச்சக் காற்றிலும் உச்ச உற்பத்தி வராது.

எல்லாவற்றையும்விட மோசம், நல்ல காற்று அடிக்கும்போது பீடர் போவது. லைன் போனால் ஜெனரேட்டருக்குச் சுமை இல்லை, இறக்கை பேய் மாதிரி வேகமெடுக்கும், உடனே பிரேக் விழும். ஒவ்வொரு முறை பிரேக் விழும்போதும் அந்த அடி முழுவதும் கியர்பாக்ஸ் பல்லில். டென்மார்க்கில் எப்போதாவது நடப்பது இங்கே அடிக்கடி நடந்தால் கியர் என்ன ஆகும் என்று மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களைக் கேளுங்கள்.

இன்னொன்று சின்ன விஷயம் போலத் தெரியும், சின்னது அல்ல. காற்றாலையின் உற்பத்திக் கணக்கை 15 டிகிரி வெப்பத்தில் உள்ள காற்றுக்குப் போடுவார்கள். நம் ஊர் 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைவு. அடர்த்தி எவ்வளவு குறைகிறதோ மின்சாரமும் அவ்வளவு குறையும். ஆக, கம்பெனி கொடுத்த அட்டவணையை நம்பிக் கடன் வாங்கிப் போட்டவருக்கு ஆரம்பத்திலேயே துண்டு.

இதற்கிடையில் போட்ட பணம் முழுவதையும் முதல் வருடத்திலேயே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. விளைவு? காற்று எவ்வளவு என்பதைவிட வரி எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக் காற்றாலை போட்டவர்கள் உண்டு. 1990களின் நடுவில் வேகவேகமாக வளர்ந்த தொழில், அதே வேகத்தில் படுத்தது. நம்மிடம் மானியம் இருந்தது, பரீட்சை இல்லை. டென்மார்க் 1979இல் கட்டிய அந்தக் கயிற்றை நாம் கட்டாமல் விட்டிருந்தோம்.

அப்புறம்தான் உருப்படியான காரியம் நடந்தது. 1998இல் சென்னை பள்ளிக்கரணையில் காற்றாலைத் தொழில்நுட்ப மையம், கயத்தாறில் காற்றாலைச் சோதனை நிலையம். டானிடா பணமும் கொடுத்தது, ரிசோவின் அனுபவமும் வந்தது. இப்போது அதன் பெயர் தேசிய காற்றாற்றல் நிறுவனம். ஒரு புது மாடல் காற்றாலையை நம் வெயிலில், நம் லைனில் ஓடவிட்டு, எந்தக் காற்றுக்கு எத்தனை கிலோவாட் வருகிறது, இறக்கைக்கு என்ன பாரம், பிரேக் சொன்னபடி விழுகிறதா என்று அளந்து சொல்கிற இடம். முதலில் வந்த இயந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. பழைய காற்றாலைகளை மாற்றிப் புதுப்பிப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனால் அளக்கும் வழக்கம் தங்கிவிட்டது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 11,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்பதில் அதற்குப் பங்கு உண்டு.

சரி, வட சென்னைக்கு என்ன?

நியாயமான கேள்வி. காற்றாலை எல்லாம் தெற்கே. புகைபோக்கி எல்லாம் வடக்கே! 1970இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச் கடைசியில் மூடப்பட்டது. ஆனால் வட சென்னை அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் மூன்று, 600 இரண்டு, 2024இல் திறந்த 800 ஒன்று, பக்கத்தில் வல்லூரில் 500 மூன்று. கூட்டிப் பாருங்கள், 4,130 மெகாவாட். கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்த சாம்பல் பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

தெற்கே காற்று அடித்தால் வடக்கே கரி எரிவது குறையுமா? குறையும், ஆனால் நினைப்பது போல் நேராக அல்ல. தென்மேற்குப் பருவக் காலத்தில் நம் காற்றாலைகள் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கொடுத்த நாட்கள் உண்டு. காற்று மத்தியானம் ஏறும், விடியற்காலை இறங்கும். அதற்கு ஈடுகொடுத்து அனல்மின் நிலையம் ஏறி இறங்க வேண்டும். அனல்மின் நிலையமோ ஒரே சீராக ஓடுவதற்காகக் கட்டியது. சுமையைக் குறைத்தால் உலையில் தீ நிலையாக நிற்காது, எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டிவரும். சூடேறி, ஆறி, மறுபடி சூடேறினால் கனமான நீராவிக் குழாய்களிலும் டர்பைன் ரோட்டாரிலும் உலோகச் சோர்வு. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே சங்கதி.

இங்கேதான் 2020 ஒப்பந்தத்தில் யாரும் கவனிக்காத ஒரு வரி வருகிறது. மின்தொகுப்பின் நெகிழ்வு! டென்மார்க்கில் நிலக்கரி நிலையங்களை ஒரேயடியாக இழுத்து மூடவில்லை. முதலில் அவற்றை வளையப் பழக்கினார்கள். முழுத் திறனில் 10, 20 சதவீதம் வரை இறக்கி ஓட்டும் அளவுக்கு பர்னர், கன்ட்ரோல் எல்லாவற்றையும் மாற்றினார்கள். நம் மத்திய மின்சார ஆணையமும் 2023இல் விதி போட்டிருக்கிறது. அனல் யூனிட்டுகள் 40 சதவீதம் வரை இறங்கி ஓடப் பழக வேண்டும்.

டேனிஷ் வித்தையை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மின்நிலையமே ஊருக்கு வெந்நீரும் கொடுக்கும். மின்சாரம் வேண்டாத நேரத்தில் சூட்டைத் தொட்டியில் சேமித்து வைப்பார்கள். வீட்டுக்கு வீடு சூடு தேவைப்படும் குளிர் நாடு. எண்ணூர் மே மாதத்தில் வெந்நீரை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? தவிர அவர்களுக்குக் காற்று மிஞ்சினால் நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் கம்பி வழியாக அனுப்பலாம், குறைந்தால் அங்கிருந்து நீர்மின்சாரம் வாங்கலாம். இன்னொரு கசப்பான கணக்கும் உண்டு. பாதிச் சுமையில் ஓடும் யூனிட் மொத்தத்தில் குறைவாகக் கரி எரித்தாலும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகமாகத்தான் எரிக்கும். ஆகவே காற்று கூடிய அளவுக்குச் சாம்பல் உடனே குறைந்துவிடாது. இதைச் சொல்லாமல் 'பசுமை' என்று மட்டும் சொன்னால் எர்ணாவூரில் எங்க நைனா மறுபடி சிரிப்பார்.

எஸ்பியர்க் என்றொரு ஊர்

டென்மார்க்கின் மேற்குக் கடற்கரையில் எஸ்பியர்க் என்ற துறைமுகம். ஒருகாலத்தில் அந்த நாட்டின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகம். பிறகு வடகடல் எண்ணெய்க் கிணறுகளுக்குத் தளம். ஊர் ஓரத்தில் உயர்ந்த புகைபோக்கியோடு ஒரு நிலக்கரி மின்நிலையம். காசிமேட்டையும் எண்ணூரையும் சேர்த்து வைத்தது போல இல்லையா?

2002இல் அந்தக் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஹார்ன்ஸ் ரெவ் என்ற இடத்தில், கடலுக்குள் 80 காற்றாலைகள் நிறுத்தினார்கள். 160 மெகாவாட். இரண்டே வருடத்தில் டிரான்ஸ்பார்மரும் ஜெனரேட்டரும் வரிசையாகக் கெட்டன. 2004இல் எண்பது இயந்திரங்களையும் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து பழுது பார்த்தார்கள். காற்றாலையில் கரைகண்ட நாட்டுக்கே கடல் காற்று கற்றுக்கொடுத்த பாடம் அது! ஆனால் கழற்றி மாட்டிய அந்த வேலை எல்லாம் ஊருக்கு வேலையாயிற்று. இன்று ஐரோப்பாவில் கடல் காற்றாலைகளை ஏற்றி அனுப்பும் முக்கியத் துறைமுகங்களில் எஸ்பியர்க் ஒன்று. அந்த நிலக்கரி நிலையம் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஊருக்கு வெந்நீர் கொடுக்கக் கடல் தண்ணீரிலிருந்தே சூட்டை எடுக்கும் பெரிய ஹீட் பம்ப் வைத்திருக்கிறார்கள். நம் ஃபிரிட்ஜ் தத்துவம்தான், திருப்பிப் போட்டது.

நமக்கும் கடல் காற்றாலைத் திட்டம் இருக்கிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500 மெகாவாட். அந்தத் தொகையில் 600 கோடி இரண்டு துறைமுகங்களைத் தயார் செய்ய. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் காற்று நன்றாக இருப்பதால் அந்த வேலை தூத்துக்குடிக்குத்தான் பொருந்தும், எண்ணூருக்கு அல்ல. கப்பலில் 80, 100 மீட்டர் நீள இறக்கையை ஏற்றிச் செல்லும் தூரம் கூடக்கூடச் செலவும் கூடும். வருத்தப்பட்டுப் பயனில்லை.

ஆனால் வருத்தப்பட வேண்டிய வேறு விஷயம் இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து இயந்திரம் வந்தது. பிறகு அளக்கும் முறை வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்குப் பங்கு கொடுக்கும் முறை மட்டும் கப்பல் ஏறவே இல்லை. கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே மிடல்குருண்டன் என்ற இடத்தில் 2000ஆம் ஆண்டு 20 காற்றாலைகள் வந்தன. அவற்றில் பாதி ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கடலில் காற்றாலை போட்டால் அங்கே வலை போட்டுப் பிழைத்த மீனவர்களோடு உட்கார்ந்து பேசி இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்று டேனிஷ் மீன்பிடிச் சட்டமே சொல்கிறது. மெரினாவிலிருந்து தெரிகிற தூரத்தில் ஒரு காற்றாலை, அதில் ராயபுரத்து ஆயாக்களுக்கு ஆளுக்கொரு பங்கு என்று கற்பனை செய்து பாருங்கள். சிரிப்பு வருகிறதா? கோபன்ஹேகன்காரர்கள் சிரிக்கவில்லை, பத்திரம் எழுதிக்கொண்டார்கள்.

மன்னார் வளைகுடா மீனவர்கள் இப்போதே கேட்கிறார்கள், எங்கள் பாடு என்ன என்று. அடுத்த ஒப்பந்தத்துக்குக் கைகுலுக்கும்போது அந்த இழப்பீட்டுச் சட்டத்தின் ஒரு பிரதியையும் மொழிபெயர்த்துக் கேட்டு வாங்கினால் நல்லது. அதற்கு கிரேன் தேவையில்லை.

கடைசியாக நம் பிழைப்பைப் பற்றி ஒரு சங்கதி. காற்றாலை மேலே ஏறி வேலை செய்ய இப்போது உலகெங்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். உலகக் காற்றாலை அமைப்பு என்று பெயர், தலைமையகம் கோபன்ஹேகன். அடிப்படைப் பாடம் ஐந்து: முதலுதவி, பாரம் தூக்கும் முறை, தீப் பாதுகாப்பு, உயரத்தில் வேலை, கடலில் உயிர் பிழைத்தல். தரைக் காற்றாலைக்கு முதல் நான்கு போதும். ஐந்தாவது கடல் காற்றாலைக்குப் போகிறவர்களுக்கு. சில்லென்ற தண்ணீரில் குதித்து, மிதந்து, படகில் ஏற வேண்டும். காசிமேட்டுப் பையன்கள் இந்தப் பரீட்சையில் அரியர் வைக்க மாட்டார்கள் என்பது என் துணிபு.

நம் சிலபஸில் காற்றாலைக்கு நாலு பக்கம்தான். பள்ளிக்கரணை நிறுவனமோ திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும். போன வருட இண்டஸ்ட்ரியல் விசிட் மகாபலிபுரம் கடற்கரையில் முடிந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த வருடம் அதே பஸ்ஸைப் பள்ளிக்கரணையில் இரண்டு மணி நேரம் நிறுத்த மாணவர் சங்கத் தலைவர் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புவோர் ஈ.ஈ.ஈ. மூன்றாம் ஆண்டு வகுப்பில் என்னைப் பார்க்கவும்.